ரேடார் படத்தில் தெரியும் நிறமெல்லாம் மழையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்களா? மழைக்காலத்தில் நான் அடிக்கடி திறந்து பார்க்கும் ஒரு படத்தைப் புரிந்துகொள்ளும் வழியை இங்கே சொல்கிறேன்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் ரேடார் பகுதிக்குச் சென்று, சென்னையைத் தேர்ந்தெடுங்கள். அதில் 'மேக்ஸ் இசட்' என்ற படத்தைத் திறங்கள். மேகங்கள் வண்ணத் திட்டுகளாகத் தெரியும். எந்த நிறத்துக்கு எவ்வளவு என்பதை ஓரத்தில் உள்ள வண்ணப் பட்டை காட்டும். இதன் அலகு டிபிஇசட். இது 10 கூடினால் எதிரொலி 10 மடங்கு ஆகிவிட்டது என்று பொருள்.

அப்படியானால், எதிரொலி அதிகமுள்ள இடத்தில் கனமழைதானே? அவசரப்படாதீர்கள். இடையில் பனி இருக்கிறது!

நம் ஊரில் ஏது பனி என்கிறீர்களா? சுமார் 5 கி.மீ. உயரத்துக்கு மேல் வெப்பநிலை 0 டிகிரிக்கும் கீழே போய்விடும். அங்கே உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள் ஆவியாகின்றன. அந்த ஆவி பனித்துகள்கள் மீது படிந்து அவற்றை வளர்க்கிறது. வளர்ந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய செதில்களாகிக் கீழே இறங்குகின்றன.

இப்போது எக்செல்லைத் திறந்து, ஒரு கட்டத்தில் =2^6 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 64 என்று விடை வரும். துளியின் குறுக்களவு 2 மடங்கானால், ரேடாருக்குத் திரும்பும் எதிரொலி 64 மடங்காகும். காய்ந்த பனி, அதே அளவுள்ள நீரைப்போல ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே எதிரொலிக்கும். ஆனால் செதில் உருகத் தொடங்கியதும் அதன் மேல் நீர்ப்படலம் படர்கிறது. உடனே ரேடார் கண்ணுக்கு அது ராட்சத மழைத்துளியாகத் தெரியும். முழுவதும் உருகியபின் சிறு துளியாகச் சுருங்கி வேகமாக விழுவதால் எதிரொலி குறைந்துவிடும். உருகும் இந்த அடுக்குக்குப் 'பிரகாசப் பட்டை' என்று பெயர்.

மேக்ஸ் படம், ஒவ்வோர் இடத்திலும் கீழிருந்து மேல்வரை கிடைத்ததில் மிக அதிகமான அளவை மட்டுமே காட்டும். எனவே நீங்கள் பார்க்கும் நிறம், தரையில் பெய்யும் மழையாக இல்லாமல் 5 கி.மீ. உயரத்தில் உருகும் பனியாகவும் இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தின் மேலேயும் வலப்பக்கத்திலும் மேகத்தின் பக்கவாட்டுத் தோற்றம் இருக்கும். கன்ட்ரோல் விசையுடன் + விசையை அழுத்திப் பெரிதாக்குங்கள். அடர்ந்த நிறம் 5 கி.மீ. அருகே மெல்லிய கோடாக மட்டும் ஓடினால் அது உருகும் பனி. கீழே மழை மிதமாகவே இருக்கும். அதே நிறம் தரைவரை தூணாக இறங்கினால் கனமழைக்கு வாய்ப்பு உண்டு. குடையோடு கிளம்புங்கள்!

விஞ்ஞானிகள் இதைவிட நுட்பமாகப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் நாசாவும் ஜப்பானின் ஜாக்ஸாவும் 2014-ல் ஏவிய ஜி.பி.எம். செயற்கைக்கோளின் ரேடார், ஒரே மேகத்தை இரண்டு அலைவரிசைகளில் பார்க்கிறது. பெரிய பனித்துகள்கள் இரண்டிலும் ஒரே மாதிரி எதிரொலிப்பதில்லை. அந்த வித்தியாசத்தைக் கொண்டு துகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறது எனக் கணக்கிடுகிறார்கள்.

அடுத்த மழை நாளில் படத்தைத் திறந்து, முதலில் அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள்.