பழைய செல்போனும் வெற்று மைப்பெட்டியும்

நம் சங்க அலுவலகங்களில் கணினி இல்லாத இடம் இன்று அரிது. ரசீதும் பேரேடும் கடன் பத்திரமும் அச்சுப்பொறி வழியாகவே வெளிவருகின்றன. மை தீர்ந்ததும் கார்ட்ரிட்ஜ் எனப்படும் மைப்பெட்டி கழற்றப்பட்டு அலமாரிக்கு அடியில் ஒதுங்குகிறது. அங்கத்தினர் இல்லங்களிலோ, பேச்சு நின்றுபோன செல்போன்கள் நூற்கண்டுகளுக்கும் பழைய சாவிகளுக்கும் நடுவே கிடக்கின்றன. இவற்றைத் திரட்டி விற்று, வரும் தொகையைப் பொதுநலக் காரியங்களுக்குச் செலவிடும் முறை அயல்நாடுகளில் நெடுநாளாக உண்டு. அது நமக்கு ஏற்குமா, ஏற்குமாயின் எவ்வாறு நடத்துவது என்பதை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்வெல் என்னும் ஊரில், 13 வயதுச் சிறுமியும் அவள் தம்பியும் தம்மிடமிருந்த 21 டாலரை முதலாகக் கொண்டு ஒரு முயற்சியைத் தொடங்கினர். பிறர் கழித்த செல்போன்களைச் சேகரித்து விற்று, அயல்நாட்டில் பணிபுரியும் போர்வீரர்கள் வீட்டாருடன் பேசுவதற்கான தொலைபேசி அட்டைகளை வாங்கி அனுப்பினர். அந்நாட்டுப் பள்ளிகள் பலவும் மைப்பெட்டிகளைச் சேர்த்து இவ்வாறே நிதி திரட்டின. ஜப்பானியர் செய்தது இன்னும் பெரிது. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை மக்களிடமிருந்து ஏறத்தாழ 62 இலட்சம் செல்போன்களும், பிற சிறு கருவிகளும் சேர்ந்தன. அவற்றிலிருந்து 32 கிலோ தங்கமும் சுமார் 3,500 கிலோ வெள்ளியும் கிடைத்தன.

தங்கம் என்றதும் நம்மவர்க்கு ஆசை எழுவது இயல்பு. ஆகவே கணக்கைப் பார்த்துவிடுவோம். பத்து இலட்சம் செல்போன்களிலிருந்து சுமார் 34 கிலோ தங்கம், 350 கிலோ வெள்ளி, 15,900 கிலோ செம்பு ஆகியவற்றை மீட்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. இருநூறு அங்கத்தினர் கொண்ட ஒரு சங்கத்தில் ஆளுக்கொரு செல்போன் தந்தால், அத்தனையிலும் உள்ள தங்கம் ஏழு கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரு சவரன் தேறாது! அதையும் பெரிய உருக்காலையில்தான் முறையாகப் பிரிக்க இயலும். செலவு போக நமக்கு வருவது சொற்பமே.

அப்படியாயின் பணம் எங்கே இருக்கிறது? இன்னும் இயங்கும் செல்போனிலும், சிறு பழுது நீக்கினால் இயங்கக் கூடியதிலும் இருக்கிறது. உடையாத அசல் மைப்பெட்டியிலும் இருக்கிறது. லேசர் அச்சுப்பொறியின் பெட்டியில் தூள் தீர்ந்தாலும் கூடும் உருளையும் மிஞ்சுகின்றன. அதைப் பிரித்துத் துடைத்து, தேய்ந்த உறுப்பை மாற்றித் தூள் நிரப்பி மறுபடி விற்கின்றனர். பல முறை மை நிரப்பி அலுத்த பெட்டியைப் பெரும்பாலும் எவரும் விலை கொடுத்து வாங்கார். அன்றியும், ஒற்றைப் பெட்டிக்காக ஊர் தேடி வருவாரும் இலர். ஒரு படி பாலுக்குப் பால் வண்டி வருவதில்லை. ஊர்ப்பால் ஒன்று சேர்ந்த பின்னரே வருகிறது. இவ்வளவு அறிந்த நம் சங்கங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, மிகவும் கருதத்தக்க விஷயத்துக்கு வருவோம். செத்துப்போன செல்போனுக்கு, முறையான ஆலையைவிடத் தெருவில் வரும் வியாபாரி சில வேளை அதிக விலை தருவார். புகையை வடிகட்டும் செலவும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் அந்த வழியில் இல்லை. பித்தளைக் கைவினைக்குப் பெயர்பெற்ற மொராதாபாத் நகரில், மின்பலகைகளை எரித்தும் அமிலத்தில் இட்டும் உலோகம் பிரிக்கும் தொழில் பரவியது. இராமகங்கை ஆற்றின் கரையில் கரிய சாம்பல் குவிந்தது. ஈயப் புகையைச் சுவாசித்தவர்கள் ஏழைத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளுமே. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் கண்ட நெசவாளருக்கும் உழவருக்கும், பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைப்பதன் பொருள் இன்னதென்று விளங்காமற் போகாது. நம் ஊர்ப் பிள்ளைகளின் புத்தகத்துக்கென்று திரட்டும் நிதி, வேற்றூர்ப் பிள்ளைகளின் நுரையீரலிலிருந்து வரலாகாது என்பதே நம் கருத்து.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு மேலாண்மை விதிகளின் பட்டியலில் செல்போனும், மைப்பெட்டியோடு கூடிய அச்சுப்பொறியும் அடங்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கே சங்கம் சரக்கை ஒப்படைக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தல் காரியதரிசியின் கடமை. சங்கம் சேர்ப்பதோடு நிற்பது நலம்; இலாபம் கருதித் திருகாணியைக் கையில் எடுத்தல் வேண்டா.

சேர்க்கும் முறை எளிது. மைப்பெட்டியைப் புதுப்பெட்டி வந்த உறையிலேயே இட்டு மூடுக. குலுக்கற்க; அத்தூள் நுண்ணியது, மூச்சில் ஏறும். மையூற்றும் வகை காய்ந்தால் முனை அடைபடும், ஆதலின் நெடுநாள் வைத்திராமல் அனுப்புக.

செல்போன் தருபவர் சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட வேண்டும். வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் அதில் உள்ளன அன்றோ? முதலில் தம் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, பின்னரே உள்ளவை யாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் கருவி பூட்டிக்கொள்ளும். வாங்குபவருக்குப் பயன்படாது, விலையும் விழும். உப்பிய பேட்டரி உள்ளதைப் பெட்டியில் இடலாகாது. அது தீப்பற்றக் கூடும். தனியே உலர்ந்த மணலில் வைக்க வேண்டும்.

பதிவேடு இன்றியமையாதது. தருபவர் பெயர், நாள், செல்போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் ஆகிய மூன்றும் அதில் ஏறட்டும். இயங்கும் கருவியில் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என அழுத்தினால் அவ்வெண் தோன்றும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதைச் சரிபார்த்த பின்னரே ரசீது கொடுக்கலாம். திருட்டுப் பொருள் சங்கத்தின் கைக்கு வந்தால் நிதியோடு நற்பெயரும் போகும். விற்ற தொகை பொதுநல நிதியில் தனித் தலைப்பில் வரவாகட்டும். அதை எதற்குச் செலவிடுவது என்பதை, முதற்பெட்டியைத் திறக்கும் முன்பே பொதுக்குழு முடிவு செய்து அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுவது நல்லது.