பட்டறை விளக்கும் ஒளி நாடாவும்

(அறிவியல் மன்ற மாணவியர்)

முன்னுரை

படைப்பின் முதல் நாளில் இறைவன் உண்டாக்கியது ஒளி என்று மறைநூல் கூறுகிறது. விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்பதைக்கூட இயேசு பெருமான் ஓர் உவமையில் சொல்லியிருக்கிறார். எனினும் விளக்கைப் பற்றி நாங்கள் ஒருநாளும் ஆழ்ந்து எண்ணிப் பார்த்ததில்லை. பொத்தானைத் தட்டினால் எரியும், தட்டினால் அணையும் என்ற அளவோடு நின்றிருந்தோம். எங்கள் தோழி ஒருத்தியின் இல்லத்தில் நேர்ந்த ஒரு விபத்துத்தான் எங்களைச் சிந்திக்க வைத்தது. அதன் காரணத்தைத் தேடிப் புறப்பட்ட நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

நடந்தது என்ன?

எருமப்பட்டியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் பள்ளிக்கு வருபவள் எங்கள் தோழி. வீட்டை ஒட்டித் தகரக் கூரை வேய்ந்த கொட்டகையில் அவள் தந்தை மரக் கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படிக் கைப்பிடிக் கம்பு ஆகியவற்றைக் கடைந்து கொடுப்பது அவர் தொழில். கொட்டகையில் வெளிச்சம் போதாமையால், திருவிழாக்களில் தோரணமாகக் கட்டும் எல்.இ.டி. ஒளி நாடாவை வாங்கிக் கூரைச் சட்டத்தில் நீளமாகக் கட்டிவிட்டார். அது நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் வகை. விலையும் மலிவு, வெளிச்சமும் நன்று என்று அனைவரும் மகிழ்ந்தனர்.

ஒரு மாலையில் நல்ல மழை. தகரத்தின் மேல் மழை கொட்டும் ஓசையில் வேறெதுவும் காதில் விழவில்லை. வாசலில் வந்தவரோடு பேசிவிட்டுத் திரும்பிய தந்தை, கடைசல் எந்திரத்தைப் பார்த்தார். மரத்தைப் பிடித்திருக்கும் சக்கின் நான்கு தாடைகளும் தெளிவாக, அசையாமல் தெரிந்தன. நின்றுவிட்டது என்று எண்ணிக் கையை நீட்டினார். எந்திரமோ முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது! விரல் நகம் பெயர்ந்து, நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. இறைவன் அருளால் விரல் தப்பியது.

"நின்னு போச்சுன்னுதான் கண்ணு கைய வெச்சேன்" என்று அவர் மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம். கவனக்குறைவு என்று உற்றார் அவரையே குறை கூறினர். முப்பது ஆண்டுகள் இதே தொழில் செய்தவருக்கு ஓடுவதும் நிற்பதும் தெரியாதா? தோழி கண்கலங்கி இக்கேள்வியை வகுப்பில் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை.

கண்ணை ஏமாற்றிய ஒளி

திரைப்படத்தில் வண்டி முன்னோக்கி ஓடும்போது அதன் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போலத் தோன்றுவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். திரைப்படம் நொடிக்கு 24 தனித்தனிப் படங்களால் ஆனது. இரு படங்களுக்கு இடையே சக்கரம் எவ்வளவு திரும்பியது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே ஓர் ஆரக்கால் இருந்த இடத்தில் அடுத்த ஆரக்கால் வந்து நின்றால், சக்கரம் அசையவே இல்லை என்று கண் முடிவு செய்துவிடுகிறது.

பட்டறையிலும் இதுவே நடந்தது. நம் வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 சுற்றுகள் உடையது. ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் இருமுறை சுழியத்தைத் தொட்டு மீள்கிறது. மலிவான ஒளி நாடாவில் இம்மின்சாரத்தை ஒரு திசைப்படுத்தும் சிறு பகுதி உண்டு. ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் பகுதி பெரும்பாலும் இல்லை. எனவே அது நொடிக்கு 100 முறை எரிந்து எரிந்து அணைகிறது. இத்தனை விரைவான துடிப்பை நம் கண் உணர்வதில்லை. விளக்கு தொடர்ந்து எரிவதாகவே நினைக்கிறோம்.

இனி ஒரு சிறு கணக்கு. சக் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். அது நொடிக்கு 25 சுற்று. நொடியில் நூறில் ஒரு பங்குக்குக் கால் சுற்று. நான்கு தாடை உள்ள சக் கால் சுற்றுத் திரும்பினால், ஒரு தாடையின் இடத்தில் அடுத்த தாடை வந்துவிடும். விளக்கு ஒவ்வொரு முறை எரியும்போதும் தாடைகள் அதே இடத்தில் இருப்பதால், சக் நின்றிருப்பதாகவே தோன்றும். நிமிடத்துக்கு 1440 சுற்றானால் ஒவ்வொரு துடிப்புக்கும் 0.24 சுற்றுத் திரும்பும். அப்போது நொடிக்கு ஒரு சுற்று வீதம் மெல்லப் பின்னோக்கிச் சுழல்வது போலத் தோன்றும்.

தோழியின் வீட்டு மோட்டாரின் பெயர்த் தகட்டில் 1440 என்றுதான் பொறித்திருந்தது. அது முழுச் சுமையோடு ஓடும் வேகம். சுமையின்றி வெறுமனே ஓடும்போது அவ்வகை மோட்டார் 1500-ஐ நெருங்கிவிடும். மோட்டாரின் வேகத்தையும் விளக்கின் துடிப்பையும் ஆள்வது ஒரே மின்சாரம் அல்லவா? ஆகவே இரண்டும் ஒத்துப்போனது தற்செயல் அன்று. மழையோசை காதை மறைத்தது; ஒளி கண்ணை மறைத்தது. தந்தையிடம் குறை இல்லை என்பதை நாங்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, தோழியின் முகம் மலர்ந்ததை மறக்க இயலாது.

இக்குறை புதிதன்று. குழல் விளக்குகள் வந்த காலத்திலேயே ஆலைகளில் இதனை அறிந்திருந்தனர். அடுத்தடுத்த விளக்குகளை மூன்று மின் கட்டங்களிலும் மாற்றி மாற்றி இணைத்து, ஒன்று மங்கும்போது மற்றொன்று ஒளிருமாறு செய்தனர்.

எல்.இ.டி. வந்த வரலாறு

எல்.இ.டி. என்பது ஒளி உமிழ் டையோடு. சில பொருள்களில் மின்னோட்டம் பாயும்போது ஒளி தோன்றுவதை 1907-ஆம் ஆண்டிலேயே ஹென்றி ரவுண்ட் என்பவர் கண்டார். கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளி தரும் டையோடை 1962-இல் நிக் ஹோலோனியாக் உருவாக்கினார். நீல ஒளிக்கு மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசியே இன்று வெள்ளை ஒளி பெறுகிறோம். நம் நாட்டில் 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியே 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வீடுகளை அடைந்தன.

ஒளி நாடாவின் அமைப்பும் ஓமின் விதியும்

நல்ல ஒளி நாடா 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் எரியும். 12 வோல்ட் நாடாவில் மூன்று டையோடுகள் ஒரு மின்தடையோடு தொடராக இணைந்து ஒரு குழுவாகும். வெள்ளை டையோடு ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். மூன்றுக்கும் 9 வோல்ட் போக, மீதி 3 வோல்ட் மின்தடையில் விழுகிறது. நாடாவைக் குறியிட்ட இடத்தில் மட்டுமே வெட்ட வேண்டும் என்பதன் காரணம் இதுவே. நடுவில் வெட்டினால் அந்தக் குழு எரியாது.

வகுப்பில் படிக்கும் ஓமின் விதி இங்கே உயிர் பெறுகிறது. 5 மீட்டர் நாடா 72 வாட் எடுப்பதாகக் கொள்வோம். 12 வோல்ட்டில் மின்னோட்டம் 6 ஆம்பியர். நாடாவின் மின்தடைகள் எல்லாம் சேர்ந்து 3 வோல்ட் ÷ 6 ஆம்பியர் = 0.5 ஓம். மெல்லிய கம்பியால் தொலைவிலிருந்து இணைத்தால், கம்பியின் தடை 0.2 ஓம் ஆகக்கூடும். அப்போது மின்னோட்டம் 3 ÷ 0.7, அதாவது 4.3 ஆம்பியராகச் சுருங்குகிறது. கால் பங்குக்கும் மேல் ஒளி போயிற்று! அதே 72 வாட் நாடா 24 வோல்ட் வகையானால், முழு ஓட்டமே 3 ஆம்பியர்தான். அதே கணக்கைப் போட்டால் பத்தில் ஒரு பங்குகூட இழப்பு இல்லை. ஆகவே பட்டறைக்கு 24 வோல்ட்டே சிறந்தது. கம்பி தடிப்பாகவும் குட்டையாகவும் இருத்தல் நலம்.

வீட்டு மின்சாரத்தைக் குறைத்துச் சமன் செய்து தரும் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். நல்ல பெட்டியிலிருந்து வரும் மின்சாரம் சமனானது. ஆகவே ஒளி துடிக்காது. பெட்டியின் திறனில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுமை ஏற்றலாகாது. 72 வாட் நாடாவுக்கு 72 ÷ 0.8 = 90 வாட்; எனவே 100 வாட் பெட்டி வாங்க வேண்டும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவியை எந்திரத்தின் அருகில் பொருத்த வேண்டா. அதுவும் நாடாவை விட்டு விட்டு எரியச் செய்தே ஒளியைக் குறைக்கிறது.

எவ்வளவு ஒளி வேண்டும்?

பொதுவான பட்டறை வேலைக்கு 300 லக்ஸ், நுண்ணிய வேலைக்கு 500 லக்ஸ் ஒளி வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். தோழியின் கொட்டகை 20 அடிக்கு 12 அடி; ஏறக்குறைய 22 சதுர மீட்டர். 22 × 300 = 6600 லூமன். சுண்ணாம்பு அடித்த அறையிலும் விளக்கின் ஒளியில் ஏறக்குறைய 60 விழுக்காடே வேலை செய்யும் இடத்தை அடையும் என்று கொண்டால், விளக்குகள் 11,000 லூமன் தர வேண்டும்.

பழைய 60 வாட் குண்டு பல்பு தருவது ஏறக்குறைய 700 லூமன். இத்தனை ஒளிக்கு அவை 16 வேண்டும். மொத்தம் 960 வாட். நாளுக்கு 4 மணி நேரம் எரித்தால் இரு மாதத்தில் 230 யூனிட். வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்.இ.டி.யானால் 110 வாட். இரு மாதத்தில் 26 யூனிட்தான்! சிக்கனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் இந்த 11,000 லூமனையும் நாடாவிலேயே பெற முயல்வது அறிவுடைமை ஆகாது. அறை முழுமைக்கும் 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்குகள் ஐந்தாறு போதும், அவையே எளிது. நாடாவின் சிறப்பு அதன் நீளத்திலும் மெல்லிய உருவிலும் உள்ளது. எந்திரத்தின் மேல், கருவிப் பலகையின் அடியில், அலமாரியின் உட்புறம் என விளக்கு நுழையாத இடத்தில் அது நுழையும். ஒரே புள்ளியிலிருந்து வரும் ஒளி கருநிழல் வீழ்த்தும். நீண்ட நாடாவின் ஒளியில் நிழல் மென்மையாகிறது. அதனை வேலை செய்பவரின் முதுகுப்புறம் கட்டினால் அவர் நிழலே வேலையின் மேல் விழும். ஆகவே அவருக்குச் சற்று முன்னே, கண்ணில் நேரே படாதவாறு கட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. நாடாவை அலுமினியக் காடியில் ஒட்டுக. வெப்பமே எல்.இ.டி.யின் பகைவன். நம் சமவெளியின் கோடையில் தகரக் கூரையை ஒட்டியுள்ள காற்று கொதிக்கும். ஆதலால் கூரையில் ஒட்டாமல் தாழ்த்திக் கட்டுக.

2. சுருளைப் பிரிக்காமல் நெடுநேரம் எரிய விடலாகாது. வெப்பம் வெளியேற வழியின்றி நாடா கருகும்.

3. மரத்தூள் படியும் இடமாதலால் காடிக்கு மூடி வேண்டும். வாரம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தித் துடைக்க வேண்டும். மின்பெட்டியின் காற்றுத் துளைகளில் தூள் அடைய விடலாகாது.

4. மின்பெட்டிக்கு எர்த் இணைப்பும், வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காவல் கருவியும் கட்டாயம் தேவை. 230 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனிடமே விடுக.

5. வார்னிஷ், தின்னர் ஆவி நிறைந்த இடத்தில் பொத்தானும் பெட்டியும் கூடா.

6. துடிப்பைக் கண்டறிய ஓர் எளிய சோதனை: விளக்கின் கீழ் ஒரு பென்சிலை விசிறி போல விரைந்து ஆட்டுங்கள். நல்ல ஒளியில் பென்சில் ஒரே மங்கலாகத் தெரியும். துடிக்கும் ஒளியிலோ, விசிறியின் ஈர்க்குகள் போலப் பல பென்சில்கள் தனித்தனியே தெரியும். குழல் விளக்குகளையும் இவ்வாறே சோதித்து வாங்குக.

7. எவ்வளவு நல்ல விளக்கானாலும், பொத்தானை நிறுத்தாமல் எந்திரத்தில் கை வைக்கலாகாது. கண்ணை நம்பாதே, பொத்தானை நம்பு!

முடிவுரை

தோழியின் கொட்டகையில் இப்போது சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பொது ஒளிக்குச் சோதித்து வாங்கிய குழல் விளக்குகள் எரிகின்றன. கடைசல் எந்திரத்தின் மேல் 3 மீட்டர் நீளத்தில் 24 வோல்ட் ஒளி நாடா, மூடியிட்ட காடியில் ஒளிர்கிறது. திருவிழா நாடா வீணாகவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எங்கள் பள்ளிக் குடிலை அலங்கரிக்க அதனைத் தந்தையே கொடுத்தனுப்பினார். அழகுக்கு அது போதும். உழைக்கும் கைகளுக்கு அது போதாது.

பாடநூலில் படித்த ஓமின் விதியும் மாறுதிசை மின்சாரமும் தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை நாங்கள் உணர்ந்தோம். நம்மைப் படிக்க வைக்கும் தந்தையர் பலரும் பட்டறையிலும் தறிக் கொட்டகையிலும் லாரிக் கூண்டு கட்டும் கூடத்திலும் உழைப்பவர்களே. அவர்கள் தலைமேல் எரியும் விளக்கை இன்று மாலையே ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், தோழியரே! கையில் ஒரு பென்சில் இருந்தால் போதும்.