கேமரா வேர்த்தால் முதுகைப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் வீடுகளுக்கு சிசிடிவி கேமரா மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஐப்பசி அடைமழை தொடங்கி மார்கழிப் பனி முடியும் வரை ஒரு புகார் மட்டும் ஓயவே ஓயாது. “தம்பி, கேமராவுக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. ராத்திரியில ஒண்ணுமே தெரியல, எல்லாம் வெள்ளையா இருக்கு.”

போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மழைத்தண்ணீர் ஒரு சொட்டுகூட இறங்கியிருக்காது. கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்திருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால், முதலில் இதைப் புரிந்துகொள்வது முக்கியம்.

ஆவி எப்படி உள்ளே போகிறது?

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மிச்சமெல்லாம் அருகில் உள்ள குளிர்ந்த பரப்பில் நீராகப் படிந்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டில் வேர்ப்பதும் இப்படித்தான். கேமராவில் சீக்கிரம் குளிர்வது முன்கண்ணாடி என்பதால், ஈரம் அங்கே படிகிறது.

“ஐபி67 என்று போட்டிருக்கிறதே, பிறகு எப்படி?” என்று பலர் கேட்கிறார்கள். ஐபி66 என்றால் வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். இரண்டும் தண்ணீருக்கான சோதனைகள், நீராவிக்கானவை அல்ல. வெயிலில் காய்ந்த கேமராவின் உள்ளே காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். மாலையில் மழை அடித்து அது சட்டென்று குளிரும்போது, உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்றை இழுக்கும். வயர் நுழையும் இடம், ரப்பர் வளையத்தின் இடுக்கு, திருகு சரியாக இறுகாத மூலை என்று எங்கே வழி கிடைத்தாலும் ஈரக்காற்று அங்கே நுழைந்துவிடும். இந்த வழிகளில் பெரும்பாலானவை கேமராவின் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. நாம் முன்கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தால் பயனில்லை.

குன்னூரில் ஒரு வீட்டில் சன்ஷேடுக்கு அடியில் மாட்டிய கேமரா, மழையே படாத இடத்தில் இருந்தும் தினமும் காலையில் வேர்த்தது. கழற்றிப் பார்த்தபோது, வயர் வரும் பி.வி.சி. பைப்பின் மறுமுனை குளியலறைக்கு மேலுள்ள ஃபால்ஸ் சீலிங்கில் திறந்து கிடந்தது. வெந்நீர்க் குளியலின் ஆவி முழுவதும் பைப் வழியாக நேரே கேமராவின் முதுகுக்கு வந்துகொண்டிருந்தது. பைப்பின் இரண்டு முனைகளையும் வயரைச் சுற்றி அடைத்து, கேமராவைக் காயவைத்து மாட்டிய பிறகு அங்கே வேர்க்கவில்லை. சுவருக்கு உள்ளிருந்து வரும் வயர் எதுவானாலும் பைப்பை மூடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ரெக்கார்டிங்கே சொல்லிவிடும்

ஏணி போடும் முன் டி.வி.ஆரில் முந்தைய இரவின் பதிவை ஓட்டிப் பாருங்கள். விடியற்காலையில் மங்கி, வெயில் ஏறியதும் தானாகத் தெளிந்தால், உள்ளே மாட்டிக்கொண்டது கொஞ்சம் ஈரக்காற்றுதான். நாள் முழுக்க மங்கலாகவே இருந்தாலோ, கண்ணாடியின் அடிப்பக்கம் நீர் தேங்கித் தெரிந்தாலோ, தண்ணீரே இறங்கியிருக்கிறது. அப்போது ஒட்டும் அடைப்பும் போதாது. வளையம் கிழிந்திருக்கிறதா, உடல் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரவில் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் முதலில் வெளிக்கண்ணாடியை மென்மையான துணியால் துடையுங்கள். சிலந்தி வலையும் தூசியும்கூட, இருட்டில் பார்க்கக் கேமரா வீசும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் படத்தை மறைக்கும். டோம் கேமராவில் லென்ஸும் ஐ.ஆர். விளக்கும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மாடல்களில் இந்தத் தொல்லை அதிகம். பனி அதிகமுள்ள இடங்களில் வாசலுக்கு நான் புல்லட் கேமராவையே பரிந்துரைக்கிறேன்.

காயவைக்கும் முறை

வாரண்டி இருந்தால் கேமராவைத் திறக்காதீர்கள். விற்ற கடைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வாரண்டி முடிந்திருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கழற்றி, வீட்டுக்குள் கொண்டுவந்து திறவுங்கள். ஹேர் டிரையரின் சூடு பிளாஸ்டிக் கண்ணாடியை நெளியவைக்கும் என்பதால் அது வேண்டாம். அரிசி டப்பாவில் புதைத்தால் தூசிதான் சேரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு திறந்த கேமராவை ஓர் இரவு வைத்தால் நன்றாகக் காய்ந்துவிடும். ஆரஞ்சு நிற மணிகள் ஈரத்தைக் குடித்தால் பச்சையாகும். அப்போது வேறு மாற்ற வேண்டும்.

மூடும் நேரம் மிக முக்கியம். மழை பெய்யும்போது திறந்தவெளியில் மூடினால் அந்த ஈரக்காற்றையே உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும். டப்பாவிலிருந்து எடுத்த கையோடு மூடுங்கள். சமவெளியில் இருப்பவர்கள் ஏ.சி. அறையில் மூடலாம், அங்கே காற்றில் ஈரம் குறைவு. ரப்பர் வளையத்தில் ஒரு முடியோ மணலோ இருந்தாலும் வழி உண்டாகிவிடும். துடைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். திருகுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இடம் இருந்தால், லென்ஸை மறைக்காதபடி சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைக்கலாம்.

வராமல் தடுக்க

கேமராவை வெறும் சுவரில் மாட்டாமல் ஜங்ஷன் பாக்ஸ் வைத்து மாட்டுங்கள். வயர் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். நுழையும் முன் வயர் சற்றுத் தொங்கி வளைந்து ஏறினால், அதன் வழியே ஓடி வரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நெட்வொர்க் கேபிளின் முனைக்குக் கூடவே வரும் ரப்பர் மூடியைத் தவறாமல் போடுங்கள். அது இல்லாத இணைப்புகளில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்துக் கேமராவே நின்றுபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடைப்பதற்குச் சிலிகான் வாங்கும்போது வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிருங்கள். அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்குங்கள். கேமராவின் உடலிலோ பாக்ஸிலோ காற்றுப் போகவும் நீர் வடியவும் வைத்த துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

எங்கள் மலையில் இன்னொரு பழக்கம் கேமராவைக் கெடுக்கிறது. விடுமுறைக்கு மட்டும் வந்து தங்குபவர்கள், ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். ஓடும் கேமராவின் உள்ளே எப்போதும் சிறிது சூடு இருக்கும். அந்தச் சூடு கண்ணாடியைப் பனியிலிருந்து காக்கும். வாரக்கணக்கில் அணைந்து கிடந்தால் கேமரா குளிர்ந்து, இரவுக்கு இரவு ஈரம் சேரும். ஆளில்லாத வீட்டுக்குத்தான் கேமரா அதிகம் தேவை. அதற்கும் டி.வி.ஆருக்கும் தனி மின்லைன் போட்டு, எப்போதும் ஓடவிடுங்கள்.

சுவரில் இறுக்கிய பிறகு கேமராவின் முதுகு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே ஆள் வந்து மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பைப் முனை மூடியிருக்கிறதா, வயர் கீழிருந்து நுழைகிறதா, ரப்பர் மூடி போட்டாயிற்றா என்று கேளுங்கள். உங்கள் கண்ணால் பார்த்த பிறகு திருகை இறுக்கச் சொல்லுங்கள்.