எத்தியோப்பியா: உயரத்தை மின்சாரமாக்கும் நாடு

எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை இல்லை. பெரிய அளவில் பெட்ரோலியம் எடுக்கும் நாடும் அல்ல. ஆனால் அதனிடம் இன்னொரு வளம் இருக்கிறது. அதுதான் உயரம்!

அதன் தலைநகர் அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே உள்ளது. நம் கேமரன் மலையின் தானா ராத்தாவைவிட இது ஏறத்தாழ 900 மீட்டர் அதிகம். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உருவான மேட்டுநிலம் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே கனமழை பெய்கிறது. நைல் நதியின் நீரில் சுமார் 85 விழுக்காடு எத்தியோப்பிய மலைகளிலிருந்தே செல்கிறது.

கட்டாமல் செதுக்கிய ஆலயங்கள்

இந்த எரிமலைப் பாறையைப் பயன்படுத்தும் திறமை அந்நாட்டு மக்களுக்குப் புதிதல்ல. லாலிபெலா நகரில் 11 தேவாலயங்கள் உள்ளன. இவை கல்மேல் கல் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. பாறையைக் குடைந்து செதுக்கப்பட்டவை. சிலுவை வடிவிலான கியோர்கிஸ் ஆலயத்தைச் சுற்றி முதலில் ஆழமான பள்ளம் வெட்டினார்கள். பிறகு நடுவில் நின்ற பாறையைக் கூரையிலிருந்து தரைவரை செதுக்கினார்கள். தவறாக வெட்டிய பாறையை மீண்டும் ஒட்ட முடியாது!

பள்ளத்தில் மழைநீர் தேங்காதா? அதற்காகவே வடிகால்களையும் வெட்டி வைத்தார்கள். பாறை, மழை, சரிவு மூன்றையும் சேர்த்தே அவர்கள் சிந்தித்தார்கள். 1978-இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நீல நைலில் ஓர் அணை

அதே பாறை, அதே மழை, அதே சரிவு. இன்றைய பொறியாளர்கள் அவற்றைக் கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள். நீல நைல் நதியில் 2011 ஏப்ரலில் தொடங்கிய பேரணை, 2025 செப்டம்பரில் முறைப்படி திறக்கப்பட்டது. உயரம் 145 மீட்டர். நீளம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். செலவின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே திரட்டப்பட்டது. சாதாரண மக்களும் கடன்பத்திரம் வாங்கிப் பங்களித்தார்கள்.

அணையின் மின் உற்பத்தித் திறன் சுமார் 5,150 மெகாவாட். சரவாக்கின் பாக்குன் அணையின் திறன் 2,400 மெகாவாட். ஆனால் எத்தியோப்பிய அணை எந்நேரமும் 5,150 மெகாவாட் தருமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

நிலையாற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்

ஆண்டுக்குச் சுமார் 49 பில்லியன் கனமீட்டர் நீர் இங்கே வருகிறது. ஓர் ஆண்டில் சுமார் 31.5 மில்லியன் வினாடிகள் உள்ளன. ஆக, வினாடிக்குச் சராசரியாக 1,550 கனமீட்டர். ஒரு கனமீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். நீர் 130 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகவும், முடுக்கம் 10 எனவும் கொள்வோம்.

1,550 × 1,000 × 10 × 130 = வினாடிக்குச் சுமார் 2,000 மில்லியன் ஜூல்

அதாவது 2,000 மெகாவாட். டர்பைனிலும் மின்னாக்கியிலும் ஏற்படும் இழப்பைக் கழித்தால் சுமார் 1,800 மெகாவாட் மிஞ்சும். 5,150 என்பது எல்லா டர்பைன்களும் முழுவேகத்தில் சுழலும்போது கிடைக்கும் உச்ச அளவு. ஆண்டு முழுவதும் கிடைப்பது எவ்வளவு என்பதை நதியின் நீரே முடிவு செய்கிறது.

எகிப்து ஏன் கவலைப்படுகிறது?

டர்பைனைச் சுழற்றிய நீர் அழிந்துவிடுவதில்லை. ஆற்றில் தொடர்ந்து ஓடுகிறது. பிறகு என்ன சிக்கல்? இந்த நீர்த்தேக்கம் 74 பில்லியன் கனமீட்டர் கொள்ளும். அது நீல நைலின் ஒன்றரை ஆண்டு நீர்! எகிப்து தன் நன்னீரில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நைலிலிருந்தே பெறுகிறது. தொடர்ந்து சில ஆண்டுகள் மழை பொய்த்தால், மேலே எவ்வளவு தேக்குவது, கீழே எவ்வளவு விடுவது? இதற்கு எத்தியோப்பியா, சூடான், எகிப்து மூன்றும் ஏற்கும் உடன்படிக்கை அணை திறக்கப்பட்டபோதும் உருவாகவில்லை. ஒரு நாட்டின் பெருமை இன்னொரு நாட்டின் அச்சமாக இருக்கிறது.

அடுத்த படிகள்

அடிஸ் அபாபாவைச் சிபூட்டித் துறைமுகத்துடன் இணைக்கும் மின்ரயில் பாதை 2016-இல் திறக்கப்பட்டது. 2019 டிசம்பரில் எத்தியோப்பியாவின் முதல் செயற்கைக்கோள் சீனாவிலிருந்து ஏவப்பட்டது. பயிர்களையும் நிலத்தையும் கண்காணிப்பது அதன் பணி. 2024-இல் பெட்ரோல், டீசல் கார்களின் இறக்குமதிக்குத் தடை விதித்து, நாடு மின்சாரக் கார்களின் பக்கம் திரும்பியது.

ஆயினும் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இன்னும் மின்சாரம் கிடைக்கவில்லை. அணையில் பிறக்கும் மின்சாரம் மலைக் கிராமத்து வீட்டின் விளக்கை எரியவைக்க மின்கம்பிகள் வேண்டும், துணைமின் நிலையங்கள் வேண்டும். அணையைக் கட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை.

சிந்தியுங்கள்

1. நீர் இறங்கும் உயரம் 130 மீட்டரிலிருந்து 100 மீட்டராகக் குறைந்தால், அதே நீரோட்டத்தில் எத்தனை மெகாவாட் கிடைக்கும்? இழப்பைச் சேர்க்காமல் கணக்கிடுங்கள்.
2. வறட்சி ஆண்டில் நீரைப் பகிர்வதற்கு நீங்கள் எழுதும் முதல் விதி என்ன? அது மூன்று நாடுகளுக்கும் நியாயமானதா?