மலைமேல் ஒரு வானிலை நிலையம்

மே மாத நண்பகலில் மாரெட்பள்ளித் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாள்கள் அங்குப் பல. அதே வேளையில், தமிழ்நாட்டின் பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானலில் மக்கள் கம்பளிச் சட்டையுடன் நடமாடுவர். இரண்டும் தென்னிந்திய ஊர்கள்தாம்; இரண்டின்மீதும் காய்வது ஒரே ஞாயிறுதான். வேறுபாடு உயரத்தில் இருக்கிறது. ஐதராபாத் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் வானாய்வகமோ 2343 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே செல்லச் செல்ல, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். காற்றழுத்தமும் குறையும். அதனால் அங்கே தண்ணீர் 92 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நெடுநேரமாகும். மலைவாழ் குடும்பங்கள் இதனை எந்தப் பாடநூலிலும் படித்தறிந்ததில்லை, அடுப்படியிலேயே அறிந்திருக்கின்றன.

இத்தகைய குளிர்மலையில் வானாய்வகம் எழுந்ததற்கு ஒரு பெருந்துயரம் பின்னணியாக உள்ளது. 1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்திலும் மைசூர், ஐதராபாத், பம்பாய்ப் பகுதிகளிலும் பஞ்சம் பரவி இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தமிழ் மக்கள் இதனைத் ‘தாது வருடப் பஞ்சம்’ என்பர். இத்தனை சாவுக்கும் மழையின்மை மட்டுமே காரணம் அன்று. மக்கள் பசியால் வாடிய அந்நாளிலும் தானியம் கப்பலேறியது. அரசு அளித்த உதவியோ மிகக் குறைவு. எனினும், மழை பொய்க்கப் போவதை முன்கூட்டியே அறிய முடியுமா என்னும் கேள்வி அதன்பின் வலுப்பெற்றது. ஞாயிற்றின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. மழையும் அதே ஒழுங்கில் கூடிக் குறைகிறதோ என்று சிலர் ஐயுற்றனர். அவ்வாறாயின், ஞாயிற்றை நாள்தோறும் நோக்க வேண்டும். அதற்குத் தூசியற்ற தெளிந்த காற்று வேண்டும்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் ஒரு வானாய்வகம் இருந்தது. ஆனால் அங்கே தூசியும் வெக்கையும் மிகுதி. ஏற்ற இடம் தேடி மலைகளை ஆராய்ந்தவர் சார்லஸ் மிச்சி ஸ்மித் என்னும் வானியலாளர். அவர் தேர்ந்தது கொடைக்கானல். 1895இல் அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. 1899இல் பணிகள் சென்னையிலிருந்து மலைக்கு மாறின. மோட்டார்ச் சாலை அமைவதற்கு முந்தைய காலம் அது. தொலைநோக்கியும் கண்ணாடி வில்லைகளும் வளைந்து ஏறும் மலைப்பாதை வழியே உடையாமல் போய்ச் சேர வேண்டியிருந்தது.

ஞாயிற்றை நோக்குவதோடு, நாள்தோறும் வானிலையை அளப்பதும் அங்கே பணியாயிற்று. இந்திய வானிலை நிலையங்களில் காலை 8.30 மணி முதன்மையான நேரம். உலகப் பொது நேரப்படி அது 3 மணி. அந்த நொடியில் பல நாடுகளின் நிலையங்களிலும் அளவெடுப்பு நடைபெறுகிறது. செய்தித்தாளில் ‘நேற்றுப் பெய்த மழை இத்தனை சென்டிமீட்டர்’ என்று வரும் அளவும், முதல் நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்த மழையையே குறிக்கும். ஐதராபாத்தின் பேகம்பேட்டை வானிலை மையத்துக்கும் இதே கணக்குத்தான்.

மலைமேல் அந்த வேளையில் பணியாளர் ஒருவர் குறிப்பேட்டுடன் புல்வெளிக்கு வருவார். அங்கே நான்கு கால்களின்மேல் வெண்ணிற மரப்பெட்டி ஒன்று நிற்கும். அதன் சுவர்கள் சாய்ந்த மரப்பட்டைகளால் ஆனவை. காற்று உள்ளே நுழையலாம். வெயில் நுழைய இயலாது. கதவு வடக்கு நோக்கியிருக்கும். திறக்கும்போதும் நேர்வெயில் கருவிமேல் படாதிருக்கவே இந்த ஏற்பாடு. இதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். உள்ளே வெப்பமானிகள் உள்ளன. அன்றைய மிகுந்த வெப்பத்தை ஒன்றும், குறைந்த வெப்பத்தை மற்றொன்றும் காட்டும். வேறு இரண்டு அருகருகே இருக்கும். அவற்றுள் ஒன்றின் குமிழில் நனைந்த மெல்லிய துணி சுற்றப்பட்டிருக்கும். துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது அந்த வெப்பமானி குளிர்ந்து குறைந்த அளவைக் காட்டும். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு வேறுபாடு தோன்றும். மே மாத மாரெட்பள்ளியில் இவ்விரண்டுக்கும் இடைவெளி மிகுதி. மலையை மூடுபனி சூழ்ந்த நாளிலோ இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். காற்று இனி ஒரு துளி ஈரத்தையும் ஏற்காது.

பின்னர் அவர் மழைமானியைத் திறந்து நீரை அளவுக் குவளையில் ஊற்றுவார். காற்றின் திசையையும் வேகத்தையும் குறிப்பார். வானத்தை எட்டுப் பங்காகக் கருதி, எத்தனை பங்கு மேகம் மூடியுள்ளது என எழுதுவார். இதற்குக் கருவி இல்லை. பழகிய கண் போதும். கண்ணுக்கு எட்டும் தொலைவை அறிவதற்கும் அப்படியே. அருகிலுள்ள மரம், அப்பாலுள்ள கட்டடம், எதிர்மலை என்று தொலைவு தெரிந்த அடையாளங்கள் உண்டு. எது தெரிகிறது, எது மறைந்தது என்பதே விடை. மூடுபனி அடர்ந்த நாளில் பத்தடி தள்ளியுள்ள வேலியும் மறையும். அன்றும் குறிப்பேட்டில் எழுத வேண்டியது உண்டு. ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதும் ஓர் அளவே.

மழை கொட்டினாலும், விரல் மரத்தாலும், வீட்டில் விருந்தினர் வந்திருந்தாலும் இந்த வேலை நிற்பதில்லை. தவறவிட்ட அளவை மறுநாள் எடுக்க இயலாது. தவறிய இடத்தை ஊகித்து நிரப்புவது அதனினும் பெரும் பிழை. வெற்றிடம் உண்மையைச் சொல்லும். பொய்யெண் பின்னால் வரும் ஆய்வாளர் அனைவரையும் ஏமாற்றும்.

மலையின் ஆண்டு, சமவெளியின் ஆண்டைப் போன்றது அன்று. ஜனவரியில் இரவு வானம் துலங்கும். விடியலில் பள்ளத்துப் புல்லின்மேல் உறைபனி உப்பைத் தூவியதுபோல் படிந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை தெளிந்து, பிற்பகலில் இடி முழங்கும். ஜூன் முதல் தென்மேற்குக் காற்று மேகத்தைச் சுமந்து வரும்; வீட்டுச் சன்னலைத் திறந்தால் மேகம் அறைக்குள் நுழைந்துவிடும்; துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும். ஞாயிற்றைப் படம் எடுப்போர் இந்த மாற்றங்களை நன்கறிவர். காற்று அமைதியாக உள்ள காலைப் பொழுதே அவர்களுக்குரிய பொழுது. நண்பகலுக்குமேல் மேகம் ஏறிவிட்டால், அன்றைய வாய்ப்புப் போயிற்று.

கொடைக்கானலுக்கு முன்னரும் தென்மலைகளில் இம்முயற்சி நடந்ததுண்டு. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், 1855இல் அகத்தியமலையின் உச்சியில் ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். அடர்காட்டைக் கடந்து 1800 மீட்டருக்கு மேல் கருவிகளை ஏற்றுவது எளிதன்று. 1865இல் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். அந்த நிலையம் நிலைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் 1883 முதல் 1904 வரை மணிதோறும் வானிலை அளக்கப்பட்டது. பணம் போதாமல் அதுவும் மூடப்பட்டது. ஆயினும் 1894இல் அங்குச் சில வாரங்கள் தங்கிய சி. டி. ஆர். வில்சன் என்னும் இளைஞர், மேகத்தின்மேல் ஞாயிற்றொளி காட்டிய வண்ண வளையங்களைக் கண்டு வியந்தார். அவற்றை ஆய்வறையில் உருவாக்க முயன்றபோது மேக அறை என்னும் கருவி பிறந்தது. அணுத்துகள்கள் செல்லும் தடத்தை அது காட்டியது. 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கொடைக்கானலிலும் தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கே கரும்புள்ளிகளை ஆராய்ந்து, அவற்றில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகம் இதனை எவர்ஷெட் விளைவு என்கிறது. ஆனால் மழையைப் பற்றிய பழைய கேள்விக்கு எதிர்பார்த்த விடை வரவில்லை. இந்திய வானாய்வகங்களின் தலைமை இயக்குநராக இருந்த கில்பர்ட் வாக்கர், கரும்புள்ளிக் கணக்கையும் மழைக்கணக்கையும் ஒப்பிட்டார். பருவமழையை முன்னறியும் அளவுக்கு உறவு வலுவாக இல்லை எனக் கண்டார். பல நாட்டு நிலையங்களின் அளவுகளை அவர் மேலும் ஒப்பிட்டபோது, பசிபிக் பெருங்கடல் பகுதியிலும் இந்தியப் பெருங்கடல் பகுதியிலும் காற்றழுத்தம் ஊஞ்சல்போல் மாறி மாறி ஏறி இறங்குவது தெரிந்தது. இன்று எல் நினோவோடு சேர்த்துப் பேசப்படுவது இதுவே. பருவமழைக் கணிப்பில் அதற்கு முதன்மையான இடம் உண்டு. நாள்தோறும் எண்களை எழுதிவைத்த பெயர் தெரியாத பணியாளர்கள் இல்லையெனில் வாக்கருக்கு ஒப்பிட எதுவும் இருந்திராது.

அக்கருவிகள் நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வந்தன. அந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் அன்னா மாணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெப்பமானி முதல் காற்றுவேகமானி வரை இந்தியாவிலேயே செய்விக்க வழிவகுத்தார். தவறான அளவைவிட அளவே இல்லாமை மேல் என்பது அவர் கொள்கை.

ஐதராபாத்துக்கும் கொடைக்கானலுக்கும் ஓர் உறவு உண்டு. நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவரின் மகன் வேணு பாப்பு. ஐதராபாத்தில் வளர்ந்து நிஜாம் கல்லூரியில் பயின்ற அவர், 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். 1971இல் அது இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பகுதியாயிற்று. 1904 முதல் அங்கே எடுக்கப்பட்ட ஞாயிற்றுப் படங்கள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. நூறாண்டு ஞாயிற்றின் போக்கை அறிய விரும்பும் ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி எடுக்கின்றனர்.

அருஞ்சொற்பொருள்
ஞாயிறு – சூரியன். ஐயுற்றனர் – ஐயம் கொண்டனர். வெக்கை – வெப்பப் புழுக்கம். துலங்கும் – ஒளிரும். மரத்தல் – உணர்ச்சியற்றுப் போதல். வளிமம் – வாயு.

பயிற்சி
1. ஸ்டீவன்சன் பெட்டியின் கதவு வடக்கு நோக்கி இருப்பது ஏன்?
2. மூடுபனி நாளில் இரு வெப்பமானிகளும் ஒரே அளவைக் காட்டுவதற்குக் காரணம் கூறுக.
3. ‘வெற்றிடம் உண்மையைச் சொல்லும்’ – இத்தொடரை உம் சொற்களில் விளக்குக.
4. ‘பொய்த்தது’ என்னும் சொல் மழையோடு வரும்போது தரும் பொருள் யாது? அச்சொல்லை வேறொரு தொடரில் அமைத்து எழுதுக.
5. நேரான சுவருடைய கண்ணாடிக் குவளை ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, ஒரு வாரம் காலை 8.30 மணிக்கு மழையளவை மில்லிமீட்டரில் குறித்து வருக. தவறிய நாளை வெற்றிடமாக விடுக.