கொழுந்து வாட்டும் ஃபேனுக்கு முழு 400 வோல்ற்று எடுப்பது எப்படி?

ஆகஸ்டில் கச்சான் வீசும்போது ஊவாவில் கொழுந்து சீக்கிரம் வாடிவிடும். வாட்டும் தொட்டியின் ஃபேனை 40 ஹேர்ட்ஸில் ஓட்டினால் போதும். மின்சாரமும் பாதியளவுதான் போகும். பசறைப் பக்கம் ஒரு ஸ்டோரில், தாங்களே செய்த இன்வேர்ட்டரை இப்படி ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். டிசம்பர் மழையில் ஈரக் கொழுந்து வந்தது. 50க்கு ஏற்றியதும் மோட்டர் தொட முடியாதபடி சுட்டது. மோட்டரில் பழுதில்லை, பண்பேற்றத்தில்தான் பிழை.

முதலில் நேரோட்ட அளவைப் பாருங்கள். 400 வோல்ற்று ஆடலோட்டத்தைச் சீராக்கினால் சுமார் 565 வரும். மின்சாரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்து, மீற்றரில் பூச்சியம் கண்ட பிறகே உள்ளே கை வையுங்கள்.

மூன்று சைன் அலைகளை முக்கோண அலையோடு ஒப்பிட்டு ஆறு ஆளிகளை இயக்குவது உங்களுக்குத் தெரிந்ததே. மேல் ஆளிக்கும் கீழ் ஆளிக்கும் நடுவே 2, 3 மைக்ரோ செக்கன் இடைவெளி விடுங்கள். முக்கோண அலையின் மீடிறன் 4 கிலோஹேர்ட்ஸ். மோட்டர் கீச்சிடும், கீச்சிடட்டும். பழைய மோட்டரும் நீளமான கேபிளும் உள்ள இடத்தில் நான் இதற்கு மேல் போவதில்லை.

இடறும் இடம் இனித்தான். வெறும் சைன் அலையால் 565இலிருந்து 346 வோல்ற்றுக்கு மேல் எடுக்க முடியாது. 40 ஹேர்ட்ஸுக்கு 320 போதும் என்பதால் ஆகஸ்டில் குறை தெரியவில்லை. 50க்கு 400 வேண்டும். 346ஐக் கொடுத்தால் முறுக்குவிசை முக்கால் பங்காகிவிடும். ஃபேனைச் சுற்ற மோட்டர் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகும்.

வெக்டர், ஆறு பிரிவு, அட்டவணை என்று புத்தகங்கள் பயமுறுத்தும். அதெல்லாம் வேண்டாம். மூன்று பெறுமானங்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்கி, மூன்றிலிருந்தும் கழியுங்கள். 1, −0.5, −0.5 என்றால் கூட்டுத்தொகை 0.5, பாதி 0.25. கழித்தால் 0.75, −0.75, −0.75. முன்னும் பின்னும் வித்தியாசம் 1.5தான், மோட்டர் அந்த வித்தியாசத்தை மட்டுமே உணரும். ஆனால் உச்சி இப்போது 0.866ஐத் தாண்டாது. ஆகவே அலையை 1.15 மடங்கு உயர்த்தலாம். 346 போய் 400 வரும். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

வரிசை முக்கியம்: உயர்த்துங்கள், கழியுங்கள், கடைசியில் எல்லை கட்டுங்கள். அந்த ஸ்டோரில் கழித்தலும் இருந்தது; அலையின் உயரத்தை முதலிலேயே 1க்குள் கட்டிவிட்டதால் 346ஐத் தாண்டவில்லை. ஸ்டார் இணைப்பின் நடுப்புள்ளியை எதனோடும் இணைக்காதீர்கள்.

தொட்டி நிறைய ஈரக் கொழுந்தோடு 50 ஹேர்ட்ஸில் ஒரு மணித்தியாலம் ஓட்டி, மின்னோட்டத்தை மோட்டரின் பெயர்ப்பலகையோடு ஒப்பிட்ட பிறகே மூடியைப் பூட்டுங்கள்.