வீட்டை வெதுப்பும் உலை

உலை என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, அரிசி இடுவதற்குக் கொதிக்கும் சோற்றுலை. மற்றொன்று, கொல்லன் துருத்தி ஊதும் உலை. குளிர்நாடுகளில் மூன்றாவது உலை ஒன்றும் உண்டு. வீட்டின் நிலவறையில் நின்று, எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்களின் வழியே அறைதோறும் அனுப்புவது அது. கனடாவின் வின்னிபெக் நகரில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை சுழிக்குக் கீழே ஏறக்குறைய 16 டிகிரி; சில இரவுகளில் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும். அங்கே உலை நின்றுவிட்டால் வீட்டுக் குழாய்களில் நீர் உறைந்து, குழாயே வெடிக்கவும் கூடும்.

அந்நகரில் வாழும் என் அக்காள் வீட்டு உலைக்கு வயதாகிவிட்டது. புதிய உலை பொருத்த மூவர் விலை கூறியிருந்தனர். "தம்பி, நீ இயற்பியல் படிக்கிறவன் ஆயிற்றே, எதை வாங்கலாம் சொல்" என்று அக்காள் கேட்டாள். பனியையே பாராத நெல்லைக்காரன் தில்லியில் இருந்துகொண்டு இதற்கு என்ன விடை சொல்வது? ஆனால், எண்ணிப் பார்க்கையில் பள்ளியில் உருப்போட்ட பாடமே துணைக்கு வந்தது. நண்பர்களுக்கும் அது பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆவியில் மறைந்த வெப்பம்

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அது எரியும்போது கரியமில வாயுவும் நீரும் உண்டாகின்றன. 16 கிராம் மீத்தேன் எரிந்தால் 36 கிராம் நீர்; அதாவது 1 கிலோவுக்கு இரண்டேகால் கிலோ நீர்! அந்த நீர் ஆவியாகவே பிறக்கிறது. நீரை ஆவியாக்கும் வெப்பம் வெப்பமானியில் தென்படாமல் ஆவிக்குள்ளேயே தங்குகிறது என்பதை 1760-களில் ஜோசப் பிளாக் என்னும் அறிஞர் ஆராய்ந்து காட்டினார். உள்ளுறை வெப்பம் என்று நாம் படித்தது அதுவே. 1 கிலோ மீத்தேன் தரும் மொத்த வெப்பம் ஏறக்குறைய 55.5 மெகாஜூல். அதில் 5.5 மெகாஜூல், பத்தில் ஒரு பங்கு, ஆவியில் ஒளிந்துகொள்கிறது.

பழைய உலைகள் அந்த ஆவியைப் புகைபோக்கி வழியே வெளியேற்றிவிட்டன. புகை தானே மேலெழ வேண்டுமானால் அது சூடாகவும் இருக்க வேண்டும்; அவ்வழியிலும் வெப்பம் போயிற்று. எனவே அவற்றுள் பலவற்றின் பயனுறுதிறன் 80 விழுக்காட்டைத் தாண்டவில்லை. புதிய உலைகளிலோ இரண்டாவது வெப்பமாற்றி ஒன்று இருக்கிறது. அறையிலிருந்து திரும்பிவரும் குளிர்ந்த காற்று அதன்மேல் பட, புகை ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே தணிகிறது. ஆவி நீராகிச் சொட்டுகிறது. ஒளிந்திருந்த வெப்பம் வீட்டுக்குக் கிடைக்கிறது. கனடாவில் 2019 சூலை முதல் உற்பத்தியாகும் வீட்டு எரிவாயு உலைகளுக்கு 95 விழுக்காடே குறைந்த அளவாக விதிக்கப்பட்டது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 80 விழுக்காட்டு உலைக்கு 100 டாலர் எரிவாயு வேண்டுமெனில், 95 விழுக்காட்டு உலைக்கு 84 டாலர் போதும். 97 விழுக்காட்டு உலைக்கு 82½ டாலர். முதல் தாவலில் 16 டாலர் மிச்சம்; அடுத்ததில் ஒன்றரை டாலரே. ஆகவே, "என் உலை 97" என்று மார்தட்டும் விளம்பரத்தில் மயங்க வேண்டியதில்லை.

எவ்வளவு பெரிய உலை?

ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 250 வாட் வெப்பத்தை இழக்கும் வீடு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். உள்ளே 21 டிகிரி, வெளியே சுழிக்குக் கீழே 33 டிகிரி என்றால் வேறுபாடு 54. தேவைப்படும் வெப்பம் 13.5 கிலோவாட். பழைய உலையின் தகட்டில் மணிக்கு 1,00,000 பி.டி.யூ. என்று இருக்கிறது, அதைப் பார்த்து அதே அளவில் 95 விழுக்காட்டு உலையை வைத்தால் கிடைப்பது ஏறக்குறைய 28 கிலோவாட். தேவையைப்போல் இருமடங்கு! மிகப் பெரிய உலை சில நிமிடம் எரிந்து அணையும், மறுபடியும் எரியும். ஓர் அறை வேகும், மற்றோர் அறை குளிரும். பழைய குழாய்கள் அவ்வளவு காற்றைத் தாங்காவிடில் வெப்பமாற்றி அளவுமீறிச் சூடேறிப் பழுதாகும்.

பொருத்துவோர் யார்?

மூவரில் ஒருவர் பழைய தகட்டின் எண்ணைத் தொலைபேசியில் கேட்டே விலை சொன்னார். இன்னொருவர் 97-இன் பெருமை பேசினார். மூன்றாமவர் நேரில் வந்து, சுவர், சன்னல், கூரை அனைத்தையும் அளந்து, கனடாவின் எஃப்280 முறைப்படி வெப்ப இழப்பைக் கணக்கிட்டார். குழாய்களில் காற்றழுத்தத்தையும் அளந்தார். அவரையே தேர்ந்தெடுக்குமாறு அக்காளுக்கு எழுதினேன். கேட்க வேண்டிய கேள்விகளையும் உடன் எழுதினேன்.

சொட்டும் நீர் அமிலத்தன்மை உடையது. அது உறையாத வழியில் வடிகிறதா? புகைக்குழாய் உலையை நோக்கிச் சரிந்திருக்கிறதா? அதன் வெளிவாய் பனிக்குவியலுக்கு மேலே நிற்குமா? எரிவாயுவின் அழுத்தத்தைப் பொருத்திய பின் அளந்து காட்டுவாரா?

இவற்றினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பல வீடுகளில் வெந்நீர்க் கலனும் பழைய உலையும் ஒரே புகைபோக்கியைப் பயன்படுத்தி வந்தன. புதிய உலை தன் புகையை நெகிழிக் குழாயில் தனியே அனுப்பிவிடும். தனித்து விடப்பட்ட வெந்நீர்க் கலனின் சிறு புகை, அகன்ற புகைபோக்கியில் குளிர்ந்து, மேலெழ மாட்டாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பக்கூடும். அதில் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு இருந்தால் உறங்குவோர் உயிருக்கே கேடு. பணத்தை மிச்சப்படுத்தப் புகுந்து உயிரை இழப்பதா? ஆகவே அக்கலனுக்கு ஏற்ற புகைவழியையும் அமைப்பவரே நல்ல பணியாளர். வீட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம் வேண்டும்.

இப்பாடம் நமக்கு அயலானது அன்று. வடநாட்டுக் குளிரில், சாத்திய அறைக்குள் கரி அங்கீட்டி மூட்டி உறங்கியோர் காலையில் எழாத செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம். வளாகத்துக்கு வெளியே வாடகை அறைகளில் தங்கியிருக்கும் நம் நண்பர்கள் பலர். குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவி இருந்தால், அதன் புகை வெளியே போக வழி உண்டா என்று இன்றே பாருங்கள். இல்லையேல் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரிசெய்யும்வரை அதை ஏற்றாதீர்கள். அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளிப்பதில் இழுக்கில்லை.